திறந்து பார்த்தவனின் சாட்சி

பழைய வண்டி விற்போர் வாயில் அடிக்கடி வரும் 'இன்ஜின் செய்த வண்டி' என்ற சொல்லுக்கு நிலையான பொருள் எதுவும் இல்லை. நான்கு பிஸ்டன்களையும் கழற்றி, சிலிண்டருக்குப் போர் போட்டு, கிராங்க்கைக் கிரைண்டிங் செய்து, எல்லாப் பேரிங்குகளையும் மாற்றியவர் அப்படிச் சொல்கிறார். ரிங் மட்டும் மாற்றி, புகை குறைந்ததும் மூடிவிட்டவரும் அப்படியே சொல்கிறார். வெளிப்புறத்தை டீசலால் கழுவி வெள்ளிப் பெயின்ட் அடித்தவரும் கூசாமல் அதையே சொல்கிறார். வாங்குபவர் இம்மூவரையும் பிரித்தறிய வழியில்லை. வேலை நடந்த இடம் இரும்புக்குள்ளே இருக்கிறது.

பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பின் டீசல் இன்ஜினை வீட்டிலேயே இறக்கிச் செய்ய விரும்பும் இளைஞர்களை நான் தடுக்காததற்கு இதுவே காரணம். செலவு மிச்சமாகும் என்று அவர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. கருவிகளின் விலையையும் சேர்த்துக் கணக்கிட்டால் முதல் இன்ஜினில் மிச்சம் என்று பெரிதாக எதுவும் நிற்காது. ஆனால் தம் வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று சாட்சி சொல்லும் தகுதி அவர்களுக்குக் கிடைக்கிறது. அந்தத் தகுதிக்காக ஒரு மழைக்காலம் முழுவதும் கையில் கரி பூசிக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

காலாப்பட்டில் இத்தகைய ஜீப்புக்கு வேலையும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு ஒருபுறம் இறங்கினால் மீனவர் குப்பங்களின் மணல். மறுபுறம் உள்ளே சென்றால் செம்மண்ணும் முந்திரித் தோப்பும். கார்த்திகை மழையில் அந்தச் செம்மண் பாதையில் சிக்கியவர்களுக்கே முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டியின் அருமை தெரியும். கடற்காற்றின் உப்பு பாடியை அரித்துவிடும். ஆனால் எண்ணெயில் ஊறிய இன்ஜின் அதைத் தாண்டியும் நிற்கும். தகரம் ஓட்டையாகி, இன்ஜின் மட்டும் உயிரோடிருக்கும் ஜீப்புகளை இப்பகுதியில் பலரும் பார்த்திருப்பீர்கள்.

மஹிந்திரா எம்.எம். 540 போன்ற ஜீப்புகளில் இருந்த இன்ஜின் பிரெஞ்சு நிறுவனமான பெஜோவின் வடிவமைப்பு என்பது பலருக்குத் தெரியாது. முதலில் வந்த எக்ஸ்.டி.பி. 4.90 இன்ஜினுக்கு 90 மி.மீ. போர், 83 மி.மீ. ஸ்ட்ரோக், மொத்தம் 2112 சி.சி. பின்னர் வந்த எக்ஸ்.டி.3.பி. இன்ஜினுக்கு 94 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 2498 சி.சி. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற மிச்சத்தைத் தெருப்பெயரிலும் ரொட்டிக் கடையிலும் தேடுவோர் பானட்டைத் திறந்து பார்ப்பதில்லை. இன்னொன்றையும் இங்கே சொல்லி வைக்கலாம். 1945இல் இரும்பு வணிகமாகத் தொடங்கியபோது அந்த நிறுவனத்தின் பெயர் மஹிந்திரா அண்ட் முஹம்மது. பங்குதாரரான குலாம் முஹம்மது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் சென்று அங்கே முதல் நிதியமைச்சரானார். 1948இல் இங்கே நிறுவனத்தின் பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா என மாறியது.

டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டியைப் போல் தீப்பொறி பிளக் கிடையாது. காற்றை இருபது மடங்குக்கும் மேல் நெருக்கும்போது அது கொதித்துச் சிவக்கும் வெப்பத்தை அடைகிறது. அந்தக் காற்றில் நாசில் வழியே தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. குளிர்ந்த இன்ஜினுக்கு உதவும் ஹீட்டர் பிளக்குகளின் வேலை கிளப்பும்போது மட்டுமே. ஆகவே டீசல் இன்ஜினின் உயிர் அந்த நெருக்கத்தில் இருக்கிறது. ரிங் தேய்ந்தாலும், சிலிண்டர் வட்டம் குலைந்து நீள்வட்டமானாலும், வால்வு சரியாக அமராவிட்டாலும் நெருக்கம் கசிந்துவிடும். காலையில் கிளப்பச் சிரமம், வெள்ளைப் புகை, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று வரும் ஆவி ஆகிய எல்லாம் அந்தக் கசிவின் அடையாளங்கள்.

இங்கேதான் அரைகுறை வேலைக்கும் முழு வேலைக்கும் உள்ள வேறுபாடு வருகிறது. தேய்ந்து நீள்வட்டமான சிலிண்டரில் புது ரிங்கைப் போட்டால் சில மாதங்கள் புகை குறையும். வட்டமான ரிங் நீள்வட்டச் சுவரோடு எவ்வளவு காலம் ஒட்டும்? எனவே முதலில் அளக்க வேண்டும். சிலிண்டரின் மேற்புறம், நடு, அடிப்புறம் ஆகிய மூன்று இடங்களிலும், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரு திசைகளிலும், போர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். ரிங் உரசும் பகுதியின் மேல் எல்லையில்தான் தேய்மானம் பெரும்பாலும் அதிகமாயிருக்கும். கிராங்க்கின் ஒவ்வொரு ஜர்னலையும் மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். இங்கே பேச்சு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரில் நடக்கிறது. தலைமுடியின் தடிமனே அதைப்போல் பல மடங்கு. விரல் நகத்தை ஓட்டிப் பார்த்து 'நன்றாயிருக்கிறது பாய்' என்று சொல்பவரின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் நகம் அளவுகோல் அன்று.

வீட்டில் செய்வது என்றால் எல்லாவற்றையும் வீட்டில் செய்வது என்று பொருள்கொள்ளலாகாது. போர் போடுவதும், கிராங்க் கிரைண்டிங்கும், ஹெட்டின் முகத்தைச் சமன்செய்வதும் லேத் பட்டறையின் வேலை. டீசல் பம்பும் நாசில்களும் அதற்கென்று சோதனைப் பெஞ்ச் வைத்திருப்பவரிடம் போக வேண்டும். வீட்டுக்குரியவை கழற்றுதல், கழுவுதல், அளத்தல், குறித்து வைத்தல், திரும்பக் கோத்தல். காலாப்பட்டிலிருந்து சாமான்களை எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போகிறவர் வழியில் தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்து, நம் மக்கள் நிறைந்த கோட்டக்குப்பத்தைக் கடந்து, மறுபடி புதுச்சேரிக்குள் நுழைகிறார். பிளாக்கை ஆட்டோவில் ஏற்றி இரண்டு எல்லை தாண்டும் இந்த வேடிக்கை எங்கள் ஊருக்கே உரியது.

கழுவுதலை எளிதாக நினைப்போரே அதிகம். போர் போட்டு ஹோனிங் செய்து வந்த சிலிண்டரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத அரைப்புத் தூள் ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெயால் துடைத்தால் மட்டும் அது போகாது. சோப்புக் கரைத்த வெந்நீரும் பிரஷும் கொண்டு தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் சாம்பல் நிறம் படாத வரை மறுபடி கழுவி, உடனே எண்ணெய் பூச வேண்டும். காலாப்பட்டுக் காற்றில் ஒரு மணி நேரம் அப்படியே விட்டால் துரு பூத்துவிடும். எண்ணெய் ஓடும் துளைகளின் அடைப்பான்களையும் கழற்றிக் கழுவ வேண்டும். விட்டுப்போன தூள் முதல் நூறு கிலோமீட்டரிலேயே புதுப் பேரிங்கைத் தின்றுவிடும். பட்டறையில் ஒரு நாளில் முடிக்க வேண்டிய நெருக்கடியில் இருப்பவரால் இவ்வளவு பொறுமை காட்ட முடியாது. அவரைக் குறைசொல்லவும் முடியாது. நேரம் வீட்டில்தான் இருக்கிறது.

கோக்கும்போது மெயின் பேரிங் மூடிகளை இடம் மாற்றாமலும் திசை மாற்றாமலும் போட வேண்டும். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, கையேட்டில் உள்ள வரிசைப்படி, படிப்படியாக டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்க வேண்டும். பல டீசல் இன்ஜின்களில் பிஸ்டன் மேலே எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்பதை அளந்தே ஹெட் கேஸ்கட்டின் தடிமனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'பழைய கேஸ்கட் மாதிரியே ஒன்று' என்று கடையில் கேட்பது போதாது, ஏனெனில் ஹெட்டைச் சமன்செய்தபின் பழைய கணக்குச் செல்லாது.

பெற்றோருக்கு இரண்டு எச்சரிக்கைகள். இன்ஜின் இரண்டு மூன்று ஆள் எடை இருக்கும். அதை ஊஞ்சல் கொக்கியில் தொங்கவிட அனுமதிக்காதீர்கள். முக்காலியும் செயின் பிளாக்கும் வாடகைக்குக் கிடைக்கின்றன. இரண்டாவது, முதன்முறை கிளப்பும்போது டீசல் இன்ஜின் கட்டுமீறி வேகமெடுத்தால் சாவியைத் திருப்பி நிறுத்த முடியாமல் போகலாம். காற்று போகும் வாயை அடைக்க ஒரு கனத்த பலகை பக்கத்தில் இருக்கட்டும்; கையாலோ துணியாலோ அடைக்கக் கூடாது. பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும்.

அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நாம் நிறைய பயான் கேட்டிருக்கிறோம். இன்ஜினிலிருந்து இறக்கிய கறுப்பு எண்ணெயைக் கொல்லை மணலில் ஊற்றும்போது அது நினைவுக்கு வர வேண்டும். கடற்கரை மணல் எதையும் தேக்கி வைக்காது. அது இறங்கும் இடத்தில்தான் பக்கத்து வீட்டுக் கிணறும் போரும் இருக்கின்றன. பயன்படுத்திய எண்ணெய் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவு. பழைய கேனில் சேர்த்து, கழிவெண்ணெயை முறையாகச் சேகரிப்போரிடம் ஒப்படைக்கும் பட்டறைக்குக் கொடுத்துவிடலாம். இஷாவுக்குப் பின் சுத்தியல் சத்தமும் வேண்டாம்.

ஒளூ பற்றியும் பலர் கேட்கிறார்கள். கெட்டியாக அப்பிய கிரீஸ் தண்ணீரைத் தோலில் படவிடாது; அதை நீக்கியே ஆக வேண்டும். நிறம் மட்டும் தங்கிய கறை தடையாகாது. சட்ட நூல்கள் இவ்விரண்டையும் பிரித்தே சொல்கின்றன. வேலைக்கு முன் நகத்தைச் சோப்புக் கட்டியில் அழுத்திக்கொண்டு, பாங்குக்குக் கால் மணி முன்பாக ஸ்பானரைக் கீழே வைத்தால் அவதி இருக்காது. நகக்கண்ணில் கறை இருப்பதால் ஜமாஅத்தில் பின்வரிசையில் ஒதுங்கி நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வெட்கப்படத் தேவையில்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன் கிராங்க்கைக் கொண்டு நீரேற்றும் இயந்திரம் வடித்து, 1206இல் நூலாக எழுதி முடித்த அல் ஜஸரீயின் பெயரைச் சொல்லி மேடையில் பெருமைப்படுவோர், தம் பிள்ளை கையில் ஸ்பானரைக் கண்டதும் முகம் சுளிப்பது எனக்குப் புரியவில்லை.

எல்லாப் பழைய இன்ஜினையும் பிழைக்க வைக்க வேண்டும் என்பது என் வாதமன்று. 2020 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு வந்த பி.எஸ். 6 தரத்தோடு இந்த இன்ஜினின் புகையை ஒப்பிடவே முடியாது. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அது பழைய இன்ஜின்தான். தினமும் பள்ளிக்கும் கடைக்கும் ஓட்டுவதற்கு அது வேண்டாம். பிளாக்கில் விரிசல் இருந்தாலோ, கிராங்க் கடைசி அளவையும் தாண்டித் தேய்ந்திருந்தாலோ பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுவதே அறிவுடைமை. பிளாக்கையே மாற்றுவோர் ஆர்.சி.யில் இருக்கும் இன்ஜின் எண்ணும் மாற வேண்டும் என்பதை மறக்கலாகாது. அதைப் போக்குவரத்துத் துறையில் பதியாமல் ஓட்டுவது சட்டத்தின் முன் குற்றம். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து ஈரத்தைக் கண்ட நிகழ்ச்சி நமக்குத் தெரியும். அந்த வணிகர் ஈரத்தை மறைக்கப் பொய் எதுவும் சொல்லவில்லை. மழையில் நனைந்தது அடியில் கிடந்தது, காய்ந்தது மேலே தெரிந்தது, அவ்வளவே. ரிங் மட்டும் மாற்றிய இன்ஜினை 'செய்த இன்ஜின்' என்று விற்பவர் நிலையும் அதுதான். தானியத்தில் கை விடலாம். மூடிய இன்ஜினில் யார் கை விடுவது?

குர்ஆனின் மிக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது என்பதை எண்ணிப் பார்க்கலாம். இன்ஜின் செய்பவர் நாற்பது பக்க நோட்டு ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும், போர் போட்டது எத்தனை மில்லிமீட்டர் ஓவர்சைஸ் என்பதையும், பேரிங் எந்த அளவு என்பதையும், மாற்றாமல் விட்டவை எவை என்பதையும் எழுத வேண்டும். மாற்றாமல் விட்டவற்றின் பட்டியல் மாற்றியவற்றின் பட்டியலைவிட முக்கியம். லேத் பட்டறை ரசீதை அதிலேயே ஒட்டிவிட வேண்டும். பத்து ஆண்டு கழித்து அந்த ஜீப்பை விற்கும்போது ஆர்.சி.யோடு அந்த நோட்டையும் வாங்குபவர் கையில் கொடுத்து, விட்டுப்போனவற்றின் பக்கத்தைத் தாமே திறந்து காட்ட வேண்டும். அந்தப் பக்கத்தைப் பார்த்து அவர் ஐயாயிரம் ரூபாய் குறைத்துக் கேட்டால், குறைத்துக் கொடுத்துவிடலாம்.