குழாய் வழியே வரும் காய்ச்சல்

"டைபாய்டுதானே! பத்து நாள் படுத்தால் போய்விடும்" என்பார் உண்டு. போகும், சில வேளை ஆளையும் அழைத்துக்கொண்டு போகும்! 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 90 லட்சம் பேரை இந்தக் குடற்காய்ச்சல் பற்றியது, 1,10,000 பேர் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

எங்கோ நடப்பதல்ல, தோழர்களே! 2017 முதல் 2020 வரை இந்தியாவின் நான்கு இடங்களில் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்துக் கணக்கெடுத்தனர் மருத்துவ அறிஞர்கள். நம் வேலூர் நகரில் ஆண்டுக்கு லட்சம் பிள்ளைகளில் 1,173 பேர் வீதம் நோய்ப்பட்டனர். புனே பக்கத்துக் கிராமங்களில் அதே கணக்கு 35! தலைவிதி என்றால், அது வேலூர்ப் பிள்ளைக்கு ஒரு விதி, புனே கிராமத்துப் பிள்ளைக்கு ஒரு விதியா?

விதியல்ல, தண்ணீர். நோயாளியின் மலத்தில் வெளியேறும் கிருமி அடுத்தவர் குடிநீரில் கலக்கிறது, சிறுகுடலில் நுழைகிறது, இரத்தத்தில் பரவுகிறது. கவனிக்காமல் விட்டால் மூன்றாம் வாரத்தில் குடலிலே ஓட்டை விழலாம். பிறகு கத்தி வைத்தாக வேண்டும். குழாயில் நாள் முழுதும் நீர் அழுத்தத்தோடு ஓடினால் வெளி அழுக்கு உள்ளே புகாது. இரண்டு மணி நேரம் விட்டு நிறுத்தினாலோ, வெறும் குழாய் தன் விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடையை உறிஞ்சும்!

காய்ச்சிக் குடியுங்கள் என்கிறார்கள். குடிக்கத்தான் வேண்டும். காய்ச்ச எரிபொருளுக்குக் கூலியில் பங்கு போகிறதே, அதைக் கணக்கில் எழுதியவர் யார்?

நியூயார்க்கில் மேரி மல்லன் என்றொரு சமையற்காரி. தான் நோயுறாமலே கிருமியைச் சுமந்தவள். இருமுறை பிடித்து, மொத்தம் 26 ஆண்டுகள் தீவில் அடைத்தனர்; 1938இல் அங்கேயே மாண்டாள். பக்கத்து ஜெர்சி சிட்டியோ 1908இல் ஊர்க் குடிநீர் முழுவதற்கும் குளோரின் கலக்கத் தொடங்கியது. வடிகட்டியும் குளோரினும் வந்த ஊர்களில் டைபாய்டுச் சாவு சரிந்தது. குளோரம்பெனிக்கால் என்ற மருந்து வந்ததே 1948இல்தான்! ஊரைக் காத்தது எது, சமையற்காரியின் சிறையா, சுத்தமான தண்ணீரா?

மருந்தை மட்டும் நம்பியிருக்கவும் வழியில்லை. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாநிலத்தில் பெரும்பாலான மருந்துகளுக்கு மசியாத டைபாய்டு கிளம்பியது. 2019இல் அந்நாடு தடுப்பூசியைப் பிள்ளைகளின் வழக்கமான ஊசிகளோடு சேர்த்தது. அந்த ஊசி தயாராவது எங்கே? நம் ஐதராபாத்தில்!

வட்டத் தோழர்கள் நகராட்சிக்குப் போகட்டும். நம் தெருக் குழாய் புதைத்தது எந்த ஆண்டு? சாக்கடைக்கும் அதற்கும் எத்தனை அடி? கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் இருக்கிறதா என்று சோதித்தது எந்தத் தேதி? பதிலை எழுத்தில் வாங்கி வாருங்கள், இந்தப் பக்கத்தில் வெளியிடுகிறோம்.