ஞாயிறு பதிவு: வேலியோரக் காற்று

மக்களே, இந்த வாரமும் காற்றுதான். சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கிறவன்கிட்ட வேற என்ன எதிர்பார்ப்பீங்க :-)

ரிஃபைனரி மாசுன்னா உடனே ஞாபகம் வருவது உயரமான புகைபோக்கி. கந்தக டை ஆக்சைடை அங்கேயே மீட்டர் வைத்து அளந்துவிடலாம். பென்சீன் அப்படி இல்லை. டேங்க் மூடி, வால்வு, பம்ப் சீல், கழிவுநீர்த் தொட்டி என்று தரையோரமாக நூறு இடத்தில் கசியும். கண்ணுக்குத் தெரியாது, ரத்தப் புற்றுநோய் தரக்கூடியது. ஊருக்குள் எவ்வளவு போகுதுன்னு தெரியணும்னா ஆலையின் வேலியைச் சுற்றி அளக்கணும்.

அமெரிக்கா 2015-ல் இதைக் கட்டாயமாக்கியது. வேலியோரம் சின்னக் குழாய்களை வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி லேபுக்கு அனுப்பணும். வெளியிலிருந்து வரும் பங்கைக் கழித்து, ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 9 மைக்ரோகிராமைத் தாண்டினால், ஆலைக்காரர்கள் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யணும். கனடாவும் 2020-ல் வேலியோர அளவீட்டுக்கு விதி கொண்டுவந்தது.

சரி, விதி இருந்தால் போதுமா? டொராண்டோவிலிருந்து தென்மேற்கே மூணு மணி நேரம் போனால் சார்னியா. ரிஃபைனரிகளும் கெமிக்கல் ஆலைகளும் சூழ்ந்த இடத்தில் ஆம்ஜிவ்னாங் பூர்வகுடி மக்களின் ஊர். ஒன்டாரியோவின் பென்சீன் வரம்பு ஆண்டுச் சராசரி 0.45 மைக்ரோகிராம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த ஆலைகள் 'தொழில்நுட்பத் தரம்' என்ற தனி விதியில் பதிந்துகொண்டால் அந்த எண் அவற்றுக்குப் பொருந்தாது. சொன்ன கருவியும் பராமரிப்பும் இருந்தால் போதும். 2024 ஏப்ரலில் பக்கத்து ஐனியோஸ் ஸ்டைரீன் ஆலையின் பென்சீனால் ஊர்க்காரர்கள் தலைவலி, குமட்டல் என்று அவதிப்பட்டு, ஊரே நெருக்கடி நிலை அறிவித்தது. மே மாதம்தான் மாகாண அரசு ஆலையின் அனுமதியை நிறுத்திவைத்தது.

நம்ம மணலிக்கு வருவோம். 1969-லிருந்து அங்கே ரிஃபைனரி ஓடுது. 2009-ல் வந்த இந்தியத் தரப்படி பென்சீன் ஆண்டு வரம்பு 5 மைக்ரோகிராம், ஒன்டாரியோ எண்ணைப்போல 11 மடங்கு. 2014-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ரிஃபைனரிப் புகைபோக்கிகளுக்குத் தொடர் மீட்டர் பொருத்தச் சொன்னது. நல்ல விசயம்தான். ஆனா பென்சீன் கசியுறது புகைபோக்கியில இல்லையே?

எண்ணைக் குறைப்பது பாதி வேலைதான். வேலியில் அளக்கணும், ஊருக்கு உடனே சொல்லணும், தாண்டினால் யார் நிறுத்துவாங்கன்னும் எழுதிவைக்கணும். மூணாவது இல்லாததுதான் சார்னியாவில் நடந்தது.

மணலி, எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கத்து நண்பர்களே, ராத்திரி உங்க தெருவில் வாடை எப்படி? எழுதுங்க.