இறுவட்டுக்கு இட்ட பெயர்

பெயர் சூட்டுவதில் நம்மவர் தாராளமானவர்கள். பிறந்த குழந்தைக்குப் பாட்டனாரின் பெயர் ஒன்று, நட்சத்திரத்துக்கேற்ற பெயர் ஒன்று, வீட்டில் அழைப்பதற்கு ஒன்று என மூன்று வைத்தாலன்றி நமக்குத் திருப்தி உண்டாவதில்லை. இத்தாராளத்தை ஓர் இறுவட்டிடமும் காட்டப்போய் நாம் பட்ட பாட்டையே இவ்வாரம் கூற எண்ணுகின்றோம்.

பெரியப்பா காலமாவதற்கு முந்திய ஆண்டில், எங்கள் நுகேகொடை வீட்டில் அமர்ந்து திருவாசகம் ஓதியதை வீடியோவிற் பிடித்திருந்தோம். ஆண்டுத் திவசத்தன்று அதனை வெள்ளவத்தையிலுள்ள பெரியம்மாவிடம் சேர்ப்பிக்க விரும்பினோம். கைத்தொலைபேசிக்கு அனுப்பினாற் போதுமே என்றார்கள் பிள்ளைகள். ஆயின், பெரியம்மா தாமாக இயக்கத் தெரிந்த கருவி பழைய டி.வி.டி. பிளேயர் ஒன்றேயாகும். எனவே, இறுவட்டு எழுதினோம். ‘பெரியப்பா திருவாசகம் ஓதிய நாள்’ என்று தமிழிற் பெயரும் சூட்டினோம்.

திவசச் சாப்பாடு முடிந்து உறவினர் யாவரும் தொலைக்காட்சியின் முன் கூடினர். வட்டு உள்ளே சென்றது; சிறிது நேரம் சுழன்றது; வாசிக்க முடியவில்லை என்ற அறிவிப்பே திரையில் தோன்றியது. மும்முறை முயன்றும் பலனில்லை. “அவரின்ரை குரலும் போட்டுதோ, தம்பி?” என்றார் பெரியம்மா. அக்கேள்வியுடனேயே அன்று வீடு திரும்பினோம்.

தவறு எங்கே நேர்ந்தது? வட்டின் முகத்தில் நாம் பேனையால் எழுதும் பெயர் வேறு. கணினியிலே தட்டெழுதி வட்டினுள் பதிக்கும் பெயர் வேறு. பின்னதற்கு, 1988ஆம் ஆண்டில் வெளியான ஐ.எஸ்.ஓ. 9660 என்னும் நியமம் 32 இடங்களை ஒதுக்கியது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள், இலக்கங்கள், அடிக்கோடு ஆகியவையே அவ்விடங்களில் அமரலாம். தமிழுக்கு அங்கே ஆசனம் இல்லை. பின்னர் வந்த ஜோலியட் என்னும் விரிவு பிற மொழிகளுக்கும் இடமளித்தது. ஆனால் ஒவ்வோர் எழுத்தும் இரண்டு இடங்களைப் பிடித்தமையால் 32 என்பது 16 ஆகச் சுருங்கிற்று. தமிழில் இதுவும் விரைவில் தீர்ந்துவிடும். ‘திருமணம்’ என்பது நமக்கு ஐந்தெழுத்து. உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும் கணினிக்கோ அது எட்டு. நாம் சூட்டிய பெயர், இடைவெளிகள் உட்பட, முப்பது!

இப்பெயரை வீடியோ வட்டுக்கு இட எமது மென்பொருள் மறுத்தது. தரவு வட்டாயின் எழுதலாம் என்றது. பெயரைக் கைவிட மனமின்றி, அவ்வாறே ஆகுக என்றோம். வினை அங்கேதான் விளைந்தது. டி.வி.டி. பிளேயர் 1996இல் ஜப்பானில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. அக்காலத்து வீடியோ வட்டு முறையின்படி, யூ.டி.எவ். 1.02 என்னும் கோப்பு முறைமையையும், ‘வீடியோ டி.எஸ்.’ என்னும் கோப்புறையையும், அதனுள் குறித்த வகைக் கோப்புகளையுமே அது தேடும். நாம் எழுதிய தரவு வட்டிலோ யூ.டி.எவ். முறையின் பிந்திய பதிப்பு, ‘வீடியோ டி.எஸ்.’ இல்லவே இல்லை. கணினி அதனைத் தடையின்றிக் காட்டியமையால் நாமும் ஏமாந்தோம்.

நிற்க. குற்றம் பெயரின் நீளத்தினதா, வட்டின் முறையினதா என்பதைச் சோதித்தறிதல் ஆசிரியத் தொழிலுக்கு அழகன்றோ? ஆகவே வீடியோ முறையில் இரண்டு வட்டுகள் எழுதினோம். ஒன்றுக்கு எட்டு ஆங்கில எழுத்துகள் கொண்ட பெயர். மற்றதற்கு முப்பது ஆங்கில எழுத்துகள். பெரியம்மாவின் பிளேயர் இரண்டையும் ஏற்றது. நீளம் தானாகக் குற்றம் செய்யவில்லை. நீண்ட பெயரின் மேல் வைத்த ஆசையே எம்மைப் பிழையான வழியிற் செலுத்தியது.

எனினும் எல்லாப் பிளேயர்களும் ஒரே தரத்தன அல்ல. ஆதலால் பெயர் சுருக்கமாக இருத்தலே பத்திரம். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், இடைவெளியின்றி, பதினாறுக்கு மேற்படாமல் அமையட்டும். ‘வீடியோ வட்டு’ என்ற முறையையே தெரிவு செய்க. எழுதி முடிந்தபின் வட்டை நிறைவு செய்யும் கட்டளையை மறவற்க. நிறைவு செய்யாத வட்டைப் பல பிளேயர்கள் ஏற்பதில்லை. கடல் கடந்த உறவினருக்கு அனுப்புமுன், கணினியில் மட்டுமன்றிப் பிளேயரிலும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்க. மூலப்பதிவை வேறிடத்தும் காக்க. வட்டும் என்றேனும் பழுதாகும்.

தமிழ்ப் பெயரை நாம் துறந்துவிடவில்லை. வட்டுக்குரிய பேனையால் அதன் முகத்திலேயே முழுமையாக எழுதினோம். பெரியம்மா கண்ணாடியை அணிந்து அதனை எழுத்தெழுத்தாக வாசித்தார். பின்னர்த் தம் கையாலேயே வட்டைப் பிளேயரில் இட்டார். பெரியப்பாவின் குரல் எழுந்தது. அன்று கேட்ட கேள்வியை அவர் மறுபடியும் கேட்கவில்லை.