வாக்குறுதிக்கு விலைப்பட்டியல்

கடந்த மாதம் ஹைதராபாத்தில் அக்காவின் கார் நடுவழியில் நின்றது. எஞ்சின் அளவுமீறிச் சூடேறி ஹெட் கேஸ்கெட் போயிருந்தது. தனியே பணம் கட்டி வாங்கிய எக்ஸ்டெண்டட் வாரண்டி நடப்பில் இருந்தும் பணிமனை கோரிக்கையை மறுத்தது. ரப்பர் ஹோஸ் வெடித்துக் கூலன்ட் ஒழுகியதே மூலகாரணமாம். ஹோஸ் தேய்மானப் பாகமாம். தேய்மானப் பாகத்தால் விளையும் சேதம் உத்தரவாதத்தில் அடங்காதாம். ஆவணத்தைப் புரட்டினேன். அவர்கள் சொன்னபடியே இருந்தது. அந்த 'இருந்தது' பற்றித்தான் எழுதுகிறேன்.

வாக்களித்தல் என்பது செய்தி அன்று, செயல் என்பது ஆஸ்டினைப் படித்த எவருக்கும் பாலபாடம். செயலுக்கு ஒரு கருத்தா வேண்டும். இந்த ஆவணத்தில் அவரைத் தேடிப் பாருங்கள். பழுது உற்பத்திக் குறையாகக் 'கருதப்பட்டால்', கோரிக்கை ஏற்புடையதாகக் 'கண்டறியப்பட்டால்' என்று நிறுவனத்தின் கடமைகளெல்லாம் செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்துகொள்கின்றன. வாங்குபவரின் கடமைகளுக்கோ எழுவாய் தெளிவாக உண்டு: வாடிக்கையாளர் குறித்த கிலோமீட்டருக்குள் சர்வீஸ் செய்தாக வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட பணிமனைக்கே சென்றாக வேண்டும். இலக்கணமே யார் பக்கம் நிற்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பொருளின் தரத்தை வாங்குபவர் அறிய முடியாத சந்தையில் உத்தரவாதம் எதற்குப் பயன்படுகிறது என்பதை ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இலேயே விளக்கினார். விற்பவர் ஆபத்தைத் தன் தோளில் ஏற்றுக்கொள்வதால்தான் வாங்குபவருக்கு நம்பிக்கை பிறக்கிறது. அதே ஆபத்தைத் தனி விலைக்கு விற்றால் அது பிணை அன்று, காப்பீடு. காலையில் 'பத்தாண்டு கவலையின்றி ஓடும்' என்று வண்டியை விற்றவரே, மாலையில் 'நான்காம் ஆண்டில் கியர்பாக்ஸ் போனால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்கிறார். இரண்டில் எது அவருடைய நம்பிக்கை?

'மன நிம்மதிக்குத்தானே' என்பார்கள் நண்பர்கள். நிம்மதிக்கும் கணக்கு உண்டு. உத்தரவாதத்தின் விலை 20,000 ரூபாய், அஞ்சும் பழுதின் செலவு 80,000 ரூபாய் என்று கொள்வோம். அப்பழுது நிகழ்வதற்கும் கோரிக்கை ஏற்கப்படுவதற்கும் சேர்ந்த வாய்ப்பு நான்கில் ஒன்றைத் தாண்டினால்தான் அது இலாபம். உற்பத்திக் குறைகள் பெரும்பாலும் தொடக்க ஆண்டுகளிலேயே, அதாவது இலவச உத்தரவாதக் காலத்திலேயே தலைகாட்டிவிடும். பின்னர் வருபவை கிளட்ச், பிரேக் பேட், பேட்டரி, ரப்பர் குழாய்கள். இவை விலக்குப் பட்டியலில் வழக்கமாக இடம்பெறுபவை.

எவரும் வாங்கவே கூடாது என்பது என் வாதம் அன்று. தானியங்கி கியர்பாக்ஸோ டர்போவோ உள்ள வண்டியை நெடுநாள் வைத்திருக்கப் போகிறவர், ஒரே தவணையில் பெருஞ்செலவைத் தாங்க இயலாதவர், விலக்குகளைப் படித்த பின் வாங்கலாம். ஆனால் வண்டியை ஒப்படைக்கும் நாளில், மாலையும் இனிப்புமாக நிற்கும் வேளையில் கையெழுத்திட வேண்டாம். இலவச உத்தரவாதம் முடியும் முன்னர் எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளப் பல நிறுவனங்கள் இடமளிக்கின்றன. தாமதத்துக்குச் சற்றே கூடுதல் விலை, அவ்வளவே. அதற்குள் வண்டியின் குணமும் தெரிந்துவிடும்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற கருத்துக்கு வரையறை தந்திருக்கிறது. ஆனால் ஒப்பந்தமே நியாயமற்றது என முறையிட மாவட்ட ஆணையம் போதாது. மாநில ஆணையத்துக்குச் செல்ல வேண்டும். ஒரு ஹெட் கேஸ்கெட்டுக்காக அவ்வளவு தூரம் செல்பவர் எத்தனை பேர்?

ஆகவே கோரிக்கை எளியது. பணம் பெறும் முன் முழு ஆவணமும் வாங்குபவர் கையில் இருக்க வேண்டும், அவர் படிக்கும் மொழியில். விலக்குப் பட்டியல் முதல் பக்கத்தில் வர வேண்டும். எத்தனை கோரிக்கைகள் ஏற்கப்பட்டன, எத்தனை மறுக்கப்பட்டன என்பதை விற்பவர் வெளியிட வேண்டும்.

கடைசியாக, நமக்கு ஒரு சொல். பிரதியின் மௌனங்களை வாசிக்கிறோம் என்று கருத்தரங்குதோறும் முழங்குகிறவர்கள் நாம். அக்கா கையெழுத்திட்ட அன்று அருகில் நின்ற மொழியியல் மாணவன் நான். ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.