பிக் பாய் தள்ளியது சரக்கு ரயிலை, வாட்ஸ்அப் தள்ளுவது கட்டுக்கதையை!



அந்த வீடியோ திரும்பவும் சுத்த ஆரம்பிச்சிருக்கு. உங்க குடும்ப குரூப்லயும் வந்திருக்கும். எங்க குரூப்ல பெரியப்பா போட்டார். கறுப்பா, மலை மாதிரி ஒரு நீராவி இன்ஜின். புகையைக் கக்கிக்கிட்டு நின்னுபோன ஒரு சரக்கு ரயிலைப் பின்னாடியிருந்து தள்ளிக்கிட்டுப் போகுது. கீழே வழக்கமான வசனம்: "டீசல் தோற்றது! பழமை வென்றது! நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை! உண்மையான இந்தியனாக இருந்தால் பகிரவும்!"

இன்ஜின் அமெரிக்கா. தண்டவாளம் அமெரிக்கா. தள்ளப்பட்ட ரயிலும் அமெரிக்கா. இதுல நம்ம முன்னோர்கள் எங்கே வந்தாங்கன்னு பெரியப்பாகிட்ட கேட்டேன். "நல்ல விஷயம்தானேப்பா, பகிர்ந்தா என்ன?" என்றார்.

வீடியோ உண்மை. அதுல எனக்கும் சந்தோஷம்தான். நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சு, தெர்மோடைனமிக்ஸ்ல ஒரு தடவை அரியரும் வச்சவன் நான். அந்த இன்ஜினைப் பார்த்தா எனக்கும் புல்லரிக்கும். ஆனா அந்த வசனம் பொய். அந்தப் பொய்யால யாருக்கு லாபம்ங்கிறதைத்தான் இந்தப் பதிவு பேசுது. கொஞ்சம் பொறுமையா படிங்க.

▪️ முதலில் நடந்தது என்ன?

அந்த இன்ஜின் பெயர் 'பிக் பாய்', எண் 4014. யூனியன் பசிபிக் ரயில்வேக்காக அல்கோ கம்பெனி 1941-ல் செய்தது. இந்த வகையில் மொத்தமே 25 இன்ஜின்கள்தான். இன்று மிச்சம் இருப்பவை 8. தண்ணீர், எரிபொருள் ஏற்றிய டெண்டரோடு சேர்த்தால் எடை சுமார் 540 டன். மலைப்பாதையில் சரக்கு இழுக்கவே பிறந்தது. 10 லட்சம் மைலுக்கு மேல் ஓடி, 1961-ல் ஓய்வு பெற்று, கலிபோர்னியாவின் பொமோனாவில் அரை நூற்றாண்டு அருங்காட்சியகப் பொருளாக நின்றது.

2013-ல் ரயில்வே கம்பெனியே அதைத் திரும்ப வாங்கியது. ஷையன் நகரத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வேலை பார்த்தார்கள். 2019 மே மாதம் மறுபடி ஓடியது. அதன் பிறகு கண்காட்சி ஓட்டம், சுற்றுப்பயணம் என்று இருந்த இன்ஜின், 2023 ஜூனில் நெப்ராஸ்கா மாநிலம் பிளேர் அருகே நின்றுபோன ஒரு சரக்கு ரயிலைத் தள்ளிவிட்டது. பிறந்த வேலையை 80 வயது தாண்டி ஒருநாள் மறுபடி செய்தது. அவ்வளவுதான் கதை. அழகான கதை.

▪️ இப்போ ஃபார்வர்ட் மறைப்பது என்ன?

ஒன்று. அது இப்போ நிலக்கரியில் ஓடவில்லை. சீரமைப்பின்போதே எண்ணெயில் எரியும்படி மாற்றிவிட்டார்கள். 'பழமை அப்படியே வென்றது' என்பது முதல் வரியிலேயே அவுட்.

இரண்டு. சுற்றுப்பயணங்களில் அதன் கூடவே ஒரு டீசல் இன்ஜினும் வழக்கமாக இணைந்து வரும். பிரேக் பிடிக்க, தேவைப்பட்டால் கைகொடுக்க. வீடியோவை முழுசா பாருங்க, தெரியும்.

மூன்று. கணக்கு. அந்தக் கால நீராவி இன்ஜின் எரிபொருளில் இருக்கும் சக்தியில் 6 முதல் 8 சதவீதத்தைத்தான் இழுவையாக மாற்றும். டீசல் 30 சதவீதத்தைத் தாண்டும். பிக் பாயின் டெண்டரில் மட்டும் சுமார் 90,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். நம்ம தெருவுக்கு வருமே 12,000 லிட்டர் தண்ணி லாரி, அதில் ஏழெட்டு லாரி! வெயில் காலத்தில் ஒரு குடத்துக்கு வரிசையில் நிற்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு "திரும்பவும் நீராவிக்கே போகலாம்" என்று எழுத மனசு வேணும்.

நான்கு. பிக் பாயைச் செய்த அல்கோவின் கதி தெரியுமா? நீராவியின் மன்னன் என்று பெயர் வாங்கிய அந்தக் கம்பெனி, டீசல் யுகத்தில் போட்டியாளர்களிடம் பின்தங்கி 1969-ல் இன்ஜின் தயாரிப்பையே நிறுத்தியது. பழம்பெருமை அந்தக் கம்பெனிக்கே சோறு போடவில்லை. உனக்கும் எனக்குமா போடப்போகிறது? ஒரு தகவல்: நம் நாட்டில் பல்லாயிரம் கிலோமீட்டர் சரக்கு இழுத்த டபிள்யூடிஎம்-2 டீசல் இன்ஜின், அதே அல்கோவின் வடிவமைப்புதான்.

▪️ "அப்போ பழசெல்லாம் குப்பையா?"

இல்லை. இங்கேதான் நாம் எதிர்ப்பக்கத்து ஆட்களையும் பிடிக்கணும். பழசு என்றாலே 'ஸ்க்ராப்' என்று எடைக்குப் போடத் துடிக்கும் கூட்டம் ஒன்று இருக்கே, அவங்களுக்கும் ஒரு கதை சொல்றேன்.

1973, 1979. இரண்டு தடவை எண்ணெய் நெருக்கடி. டீசல் விலை எகிறியது. அமெரிக்காவிடம் நிலக்கரி கொட்டிக் கிடந்தது. நவீன நீராவி இன்ஜின் ஒன்றைச் செய்தால் என்ன என்று ராஸ் ரோலண்ட் என்பவர் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். ஏசிஇ 3000 என்று பெயர். நீராவிப் பொறியியலில் உலகமே மதித்த அர்ஜென்டினாக்காரர் லிவியோ தாந்தே போர்ட்டாவும் அதில் வேலை செய்தார்.

வடிவமைக்க அளவுகள் வேண்டும். அளவெடுக்க ஓடுகிற இன்ஜின் வேண்டும். எங்கே போவது? பால்டிமோர் அருங்காட்சியகத்தில் நின்றிருந்து, சில வருடம் முன்புதான் ரோலண்டின் குழு உயிர் கொடுத்திருந்த 1948-ம் வருட இன்ஜின் 614 இருந்தது. அதைக் கருவிகளோடு மேற்கு வர்ஜீனியாவில் இறக்கினார்கள். 1985 ஜனவரி. எலும்பை உறைய வைக்கும் குளிர். ஹன்டிங்டனுக்கும் ஹின்டனுக்கும் இடையே நிஜமான நிலக்கரி ரயில்களை வாரக்கணக்கில் இழுத்தது. காட்சிப் பொருள் கூலி வேலைக்குத் திரும்பியது!

யாரோ சிலர் அதை இரும்பு விலைக்குப் போடாமல் வைத்திருந்ததால்தான் அந்தச் சோதனை நடந்தது. அதை ஓட்டத் தெரிந்த கைகள் அப்போது உயிரோடு இருந்ததால்தான் நடந்தது. இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் பூஜ்ஜியம்.

பிறகு? 1986-ல் எண்ணெய் விலை சரிந்தது. பணம் போட ஆளில்லை. திட்டம் மூடப்பட்டது. சந்தை அப்படித்தான். விலை ஏறினால் ஓடிவரும், இறங்கினால் ஓடிவிடும். சந்தையை நம்பி ஒரு நாடு தன் தொழில் அறிவை அடகு வைக்க முடியாது.

▪️ பெருமை மட்டும் பேசினால் என்ன ஆகும்?

1995 ஜூன். அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் பகுதியில் சுற்றுலா ஓட்டத்தில் இருந்த ஒரு பழைய நீராவி இன்ஜின். பாய்லரில் தண்ணீர் குறைந்தது. தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கருவி சரியாகப் பராமரிக்கப்படவில்லை. ஊழியர்களுக்குப் போதிய பயிற்சியும் இல்லை. தீப்பெட்டியின் மேல்தகடு இளகி, நீராவி கேபினுக்குள் பாய்ந்தது. வேலையில் இருந்த மூன்று பேர் வெந்துபோனார்கள். உயிர் பிழைத்ததே பெரிசு.

அதற்குப் பிறகுதான் அங்கே விதி இறுக்கப்பட்டது. 1,472 வேலை நாள் அல்லது 15 வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது பாய்லரை முழுசாகத் திறந்து அங்குலம் அங்குலமாகச் சோதிக்கணும். பிக் பாய் ஓடுவதும் இந்த விதிக்குக் கீழேதான்.

புரியுதா தோழர்களே? அந்த வீடியோவில் ஜெயித்தது 'பழமை' இல்லை. ஸ்பேனர் பிடித்த கை. அளவெடுத்த கண். ஒதுக்கிய காசு. "இது சரியில்லை, இன்னைக்கு வண்டி எடுக்கக் கூடாது" என்று சொல்ல ஒரு தொழிலாளிக்கு இருந்த உரிமை.

▪️ இப்போ நம்ம வீட்டுக்கு வாங்க.

நீராவி இன்ஜினைப் புதுசாகவே செய்யத் தெரிந்த கைகள் எங்கே இருக்கு தெரியுமா? திருச்சி பொன்மலையில்! மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலை ரயிலுக்கு ஒரு காலத்தில் சுவிட்சர்லாந்திலிருந்து இன்ஜின் வந்தது. இந்த நூற்றாண்டில் அதே வகை இன்ஜினைப் புத்தம் புதிதாகச் செய்து கொடுத்தது பொன்மலைப் பணிமனை. கல்லாறு தாண்டி, 12 அடிக்கு ஓர் அடி உயரும் பல்சக்கரப் பாதையில் இன்று ரயிலைத் தள்ளுவது நம்ம ஊர் ஃபிட்டரும் வெல்டரும் செய்த இன்ஜின்.

1946 செப்டம்பர் 5-ல் இதே பொன்மலையில், போராடிய ரயில்வே தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஐந்து பேர் உயிரைக் கொடுத்தார்கள். அந்த மண்ணின் வாரிசுகள்தான் யுனெஸ்கோ பாரம்பரிய ரயிலை ஓட வைப்பவர்கள். இவர்களைப் பற்றி எத்தனை ஃபார்வர்ட் வந்திருக்கு உங்களுக்கு? எனக்கு ஒன்றுகூட வரலை.

இவங்க பாரம்பரியம் பேசும் லட்சணத்தைப் பாருங்க. 2023-ல் நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசே ஒப்புக்கொண்ட கணக்கு: ரயில்வேயில் சுமார் இரண்டரை லட்சம் பணியிடங்கள் காலி. பழைய இன்ஜின் வீடியோவுக்கு ஹார்ட் விடுவார்கள். பழைய இன்ஜினைப் பழுது பார்க்கிறவர் ஓய்வு பெற்றால், அந்த நாற்காலியில் ஆள் போட மாட்டார்கள். பத்து வருஷம் பக்கத்தில் நின்று கற்க வேண்டிய வேலையை, ஒப்பந்தத்துக்கு மூணு மாசம் வந்து போகிறவர் எப்படிக் கற்பார்?

"பிக் பாயை மீட்டது தனியார் கம்பெனிதானே, தனியார்னா நல்லாத்தானே செய்றாங்க?" என்று கமென்ட்டில் ஒருவர் நிச்சயம் வருவார். வாங்க சார். ஆமாம், தனியார்தான். அந்தக் கம்பெனி பல பத்தாண்டுகளாகத் தனக்கென நீராவிப் பட்டறையையும் குழுவையும் கலைக்காமல் வைத்திருந்தது. லாபம் தராத வேலைக்கு நிரந்தர ஆள் வைத்தது. அதே வேலையை நம்ம அரசு பணிமனை செய்து காட்டியிருக்கிறது. ஆளைக் குறைக்காதே என்றுதான் நாங்களும் கேட்கிறோம். நீங்க எந்தப் பக்கம்?

▪️ நம் நிலை தெளிவானது.

நிலக்கரிப் புகைக்குத் திரும்பச் சொல்லவில்லை. நாளைய சரக்கு மின்சாரத்தில் ஓடட்டும். ஆனால் செய்யத் தெரிந்த கையை நாடு இழக்கக் கூடாது. பொன்மலையில் காலியான இடங்களை நிரந்தர ஆட்களால் நிரப்பு. ஐடிஐ முடித்த நம்ம பிள்ளைகளை அப்ரண்டிஸாக எடு, கற்றுக்கொடு, அங்கேயே வேலையும் கொடு. மலை ரயில் பராமரிப்புக்கு ஒதுக்கும் பணத்தை வெளிப்படையாகச் சொல்.

அடுத்த தடவை அந்த வீடியோ வந்தால் சண்டை போடாதீங்க. பெரியப்பா, மாமா, சித்தப்பா எல்லாரும் நம்ம ஆட்கள்தான், அவங்க ரசனையில் தப்பில்லை. கீழே இந்தப் பதிவைப் போட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அந்த இன்ஜினை ஓட வச்சவங்க பேரு எங்கே?"

எங்க பெரியப்பாகிட்ட கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் எழுதினார்: "பொன்மலைல நம்ம மூணாவது வீட்டுக்காரர் ஃபிட்டரா இருந்தாருடா. ரிட்டயர் ஆகிட்டார். அவர் இடத்துக்கு யாரும் வரலைன்னு சொல்லிக்கிட்டே இருப்பார்."

இந்தப் பதில் குரூப்ல ஃபார்வர்ட் ஆகட்டும் தோழர்களே.

பகிருங்கள். பேசுங்கள்.

#பொன்மலையைக்_காப்போம்
#காலியிடங்களை_நிரப்பு