சிவப்பு விளக்கும் நம் மௌனமும்

கடந்த கோடை விடுமுறையில் மாமாவின் காரில் சென்றபோது, எண்ணெய்க் கேன் உருவில் சிவப்பு விளக்கொன்று எரிவதைப் பெண் பிள்ளைகளாகிய நாங்கள் கண்டோம். "நமக்கென்ன தெரியும்?" என்று வாய் திறக்கவில்லை. சற்றுத் தூரத்தில் தடதடவென்ற ஓசையுடன் என்ஜின் நின்றுவிட்டது. மாமாவின் சேமிப்பெல்லாம் அதைப் பழுது பார்ப்பதிலேயே கரைந்தது.

என்ஜினுக்குள் ஆயில் அழுத்தம் குறைந்துவிட்டதைக் கூறும் எச்சரிக்கையே அவ்விளக்கு என்பதைப் பின்னரே அறிந்தோம். ஆயிலின்றி உலோகங்கள் உராய்ந்தால் சில நிமிடங்களிலேயே என்ஜின் பாழாகிவிடும். "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்பது தவறு. உடனே ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைக்க வேண்டும். வண்டி சமதரையில் நிற்க, சில நிமிடங்கள் பொறுத்து, ஆயில் அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்தால், இரு குறிகளுக்கிடையே ஆயில் தெரிய வேண்டும். குறைந்திருந்தால் கையேடு கூறும் ஆயிலையே மேற்குறியைத் தாண்டாமல் ஊற்ற வேண்டும். பிறகும் விளக்கு எரிந்தால் ஓட்டாமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

இதற்குப் பெரும் பலம் வேண்டியதில்லை; ஒரு பழந்துணி போதும். ஆகவே தோழியரே, இது ஆண்களின் வேலை என்று ஒதுங்குவது சரியன்று. பெற்றோரே, மகள்களுக்கும் இதைக் கற்றுக்கொடுங்கள். கண்டதைச் சொல்ல இனி நாம் தயங்க வேண்டாம்!