ஒரு சோறு பதமாகுமா?



ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை முழுவதும் ஒரே நெருப்பில் வேகிறது. அதனால் அது சரி. ஊர் அப்படி வேகும் பானை அல்ல.

தமிழ் வகுப்புக் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மனு கொண்டுபோனோம். "ஊரில் நூற்றுக்கு எழுபது பேர் தமிழர்" என்று எழுதியிருந்தோம். "எந்தத் தெருவில் எண்ணினீர்கள்?" என்று கேட்டார் அதிகாரி. நாம் எண்ணியதோ சங்கத்தைச் சுற்றியுள்ள நூறு வீடுகள்! மனு திரும்பியது. பிழை நம்முடையதே.

நூறு வீட்டில் கிடைத்த எழுபது, மாதிரியின் கணக்கு. ஊர் முழுவதையும் எண்ணினால் வருவது முழுத்தொகையின் கணக்கு. முன்னது தெருவுக்குத் தெரு மாறும். பின்னது ஒன்றே ஒன்று. முன்பதிவில்லாப் பெட்டியில் மட்டும் எண்ணிவிட்டு, ரயில் முழுவதும் கூலிக்காரர்தான் என்று சொல்லலாமா?

மாதிரியே கூடாது என்பதல்ல. வாக்காளர் பட்டியல் முழுவதிலிருந்தும் குலுக்கல் முறையில் 400 பேரைப் பொறுக்கி, அவர்களில் 100 பேர் தமிழர் என்று வைத்துக்கொள்வோம். "வாக்காளரில் 25 சதவீதம், சுமார் 4 கூடலாம், குறையலாம்" என்று எழுதுவதே நேர்மை. அந்த வித்தியாசத்தைப் பாதியாக்க 1,600 பேரைக் கேட்க வேண்டும். ஆனால் சங்கத் தெருவிலேயே பத்தாயிரம் பேரைக் கேட்டாலும் பயனில்லை.

இந்த மண்ணில் எண்ணுக்கு வலிமை உண்டு. கிராமந்தோறும் எம்மொழியார் பெரும்பான்மை என்று பார்த்த பிறகே 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. இங்கு வாழும் நமக்கு மொழிச் சிறுபான்மை உரிமையே துணை. பள்ளியில் 40 பேர், அல்லது வகுப்பில் 10 பேர் இருந்தால் தாய்மொழியில் தொடக்கக் கல்வி என்பது 1949-இல் மாநிலக் கல்வி அமைச்சர்கள் ஒப்பிய விதி. அதற்குச் சதவீதமே வேண்டாம். 40 குழந்தைகளின் பெயர்ப் பட்டியல் போதும். ஒவ்வொரு பெயரையும் யாரும் சரிபார்க்கலாம்.

2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாக வைத்து 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. அது மாதிரி அல்ல, முழு எண்ணிக்கை. தாய்மொழி கேட்டால் பயத்தாலோ கூச்சத்தாலோ மாற்றிச் சொல்லாதீர்கள். நாமே மறைத்தால் முழுத்தொகையும் பொய்யாகும்.

மனுவில் மிகைப்படுத்தாதீர்! கணக்கெடுப்பில் மறைக்காதீர்! இரண்டும் நம் பிள்ளைகளின் வகுப்பறையையே பறிக்கும்.